சாட்ஸ்வர்த் கராஜில் ஒரு ஃபார்மேட்: 520 பைட் டிஸ்க்கும் பூட் ஆகாத சர்வரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 520 பைட் எஸ்எஸ்டியை (பெரிய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றியது, தகவலை 520 பைட் துண்டுகளாக வைப்பது) சாதாரணக் கணினிக்குப் புரிகிற 512-க்கு மாற்ற வேண்டும் என்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்த ஆளிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அதே டிஸ்க்கில் ஓஎஸ்ஸும் போட்டு, சர்வரில் செருகினால் பூட் ஆகிற மாதிரி கொடுங்கள் என்று கேட்டால் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் சேர்த்துக் கேட்டேன், மூன்று வாரம் அலைந்தேன். அந்த அலைச்சலில் பாதி என் தப்பு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர் கிடையாது. சாட்ஸ்வர்த்தில் ஹிகின்சன் ஹைவேயிலிருந்து இறங்கும் ஒரு சரிவான தெருவில், ஒரு வீட்டின் கீழே இருக்கிற கராஜ், அவ்வளவுதான். வாசலில் கறிவேப்பிலை மரம், உள்ளே சுவரில் முருகன் படம், அதற்குக் கீழே பித்தளை விளக்கு, அதற்கும் கீழே இரும்பு ஷெல்ஃபில் வரிசையாக டிஸ்க்குகள். இந்த விமர்சனம் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது "பேரையும் நம்பரையும் மட்டும் போட்டுவிடாதே தம்பி, இருக்கிற வேலையே தாங்கவில்லை" என்றார், அதனால் போடவில்லை. சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லேப்டாப் ரிப்பேர் பார்ப்பவர்களிடம் 'சர்வர் அங்கிள்' என்று கேட்டால் வழி சொல்வார்கள். முதல்முறை அந்தப் பெயரைக் கேட்டபோது ஏதோ ஓட்டலில் தோசை பரிமாறிய மனிதர் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன், நம் ஊரில் சர்வர் என்றால் அதுதானே. ஆனால் இவர் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கேயே பிறந்து வளர்ந்த பல தமிழர்களைப் போல ஆங்கிலத்தில்தான் பேசுவார், நடுநடுவே 'வா தம்பி', 'உக்காரு', 'சாப்பிட்டியா' மட்டும் தமிழில் வரும். கோவில்பட்டியை விட்டு ஒன்பது வருடமான எனக்கு அந்த மூன்று சொல் போதும், உட்கார்ந்துவிடுவேன்.

சரி, எனக்கு ஏன் இந்த வேலை வந்தது என்று சொல்ல வேண்டும். இங்கே வார இறுதியில் நடக்கும் ஒரு தமிழ் வகுப்புக்கு நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன், சம்பளம் எல்லாம் இல்லை, சில நாள் பீன்ஸ் கறியும் ரொட்டியும் கிடைக்கும். பெரியவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கேசட்டுகளை எல்லாம் சேர்த்து அங்கே டிஜிட்டலாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். கல்யாண நாதஸ்வரம், காவடிப் பாட்டு, இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்லப்படும் தெருக்கூத்து, இந்த மாதிரி. இவை எல்லாம் உட்கார்ந்திருப்பது 2012 காலத்து ரேக் சர்வர் ஒன்றில், ஓர் அலுவலகம் கழித்துவிட்டதைச் சொற்ப விலைக்கு வாங்கியது. அது இத்தனை வருடம் பூட் ஆகிக்கொண்டிருந்தது உள்ளே செருகியிருந்த ஒரு யூஎஸ்பி பென் டிரைவிலிருந்து. ஆமாம், தெரியும், திட்ட வேண்டாம். லாக் ஃபைலை இரவும் பகலும் அதில் எழுதவிட்டால் ஒருநாள் செத்துப்போகும் என்று தெரிந்தேதான் விட்டேன், ஒருநாள் செத்தும் போயிற்று. பாட்டெல்லாம் வேறு டிஸ்க்குகளில் பத்திரமாக இருந்தது, சர்வர்தான் எழுந்திருக்கவில்லை.

இனிமேல் ஒழுங்காக இரண்டு எஸ்எஸ்டி போட்டு, ஒன்று போனாலும் இன்னொன்றிலிருந்து பூட் ஆகிற மாதிரி வைத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். என்விஎம்இ, அதாவது புதுவகை வேகமான எஸ்எஸ்டி, போடலாமே என்று நண்பன் சொன்னான். இந்தக் காலத்து சர்வருக்குச் சரி, ஆனால் அந்த வயது மதர்போர்டுகளின் ஃபர்ம்வேரில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள்மென்பொருள்) பெரும்பாலும் என்விஎம்இ டிரைவர் இருக்காது, கார்டில் செருகினால் லினக்ஸ் பார்க்கும், பூட் மெனு பார்க்காது. அதனால் சாஸ் எஸ்எஸ்டி, சர்வர்களில் டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை அது. இணைய ஏலத்தில் 800 ஜிபி டிஸ்க் இரண்டு, ஒன்று 900 ரேண்ட் என்று கிடைத்தது. விற்றவர் ஒரே வரி எழுதியிருந்தார், 'டேட்டா சென்டரில் கழற்றியது, நன்றாக வேலை செய்கிறது' என்று. பொய் சொல்லவில்லை. அரை உண்மை சொன்னார்.

செருகிவிட்டு ஒரு லைவ் யூஎஸ்பியில் லினக்ஸை ஏற்றிப் பார்த்தால் அதன் மையமான கர்னல் 'அன்சப்போர்ட்டட் செக்டர் சைஸ் 520' என்கிறது, கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுகிறது. பார்ட்டிஷன் போடவே வழியில்லை. இதைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு, அங்கிளிடம் அப்படிக் குப்பையிலிருந்து வந்த டிஸ்க்கும் உண்டு.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலிவு விலை சாஸ் டிஸ்க் வாங்குகிற எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து முட்டுவார்கள். நாம் வீட்டில் வைத்திருக்கும் டிஸ்க் எல்லாம் தகவலை 512 பைட் துண்டுகளாகவோ 4096 பைட் துண்டுகளாகவோ வெளியே காட்டும், இந்தத் துண்டுக்குத்தான் செக்டர் என்று பெயர். பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகள் சிலவற்றில், நெட்ஆப் போன்றவற்றில், ஐபிஎம்மின் ஏஎஸ்/400 வழி வந்த இயந்திரங்களிலும், ஒவ்வொரு 512-க்கும் கூட 8 பைட் சேர்த்து 520 ஆக வைப்பார்கள். அந்த 8 பைட்டில் சரிபார்ப்புக் குறி இருக்கும், எழுதியது எழுதியபடியே திரும்பி வருகிறதா என்று பெட்டி அதை வைத்துப் பார்த்துக்கொள்ளும். நல்ல யோசனைதான், அந்தப் பெட்டிக்குள் இருக்கும்வரை. பெட்டியைக் கழித்துக் கட்டி டிஸ்க்கைத் தனியாக விற்கும்போது, சாதாரண லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அந்த 520 கணக்கு புரியாது. நாம் தினமும் 'ஃபார்மேட் அடிக்கிறேன்' என்று சொல்வது மேலே ஃபைல் சிஸ்டம் போடுவதைத்தான். இங்கே தேவைப்படுவது அதற்கும் கீழே இருக்கிற ஃபார்மேட், டிஸ்க்கின் கன்ட்ரோலரிடமே சொல்லி செக்டர் அளவை மாற்றச் சொல்வது. லினக்ஸில் எஸ்ஜி3 யூட்டில்ஸ் என்ற தொகுப்பில் எஸ்ஜி ஃபார்மேட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அளவு 512 என்று கொடுத்தால் போதும்.

கட்டளை இவ்வளவு சுலபம் என்றால் நீயே அடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அடித்தேன். பாதிக்கு மேல் ஓடிவிட்டது, வெளியே இடி இடித்தது, எங்கள் தெருவில் கரண்ட் போனது. முறைவைத்துக் கரண்டை நிறுத்திய லோட்ஷெடிங் காலத்திலாவது எத்தனை மணிக்குப் போகும் என்று ஃபோனில் பார்த்துக்கொள்ளலாம், இந்த மாதிரி திடீர் வெட்டுக்கு அட்டவணை ஏது. யுபிஎஸ் இருந்தது, அதன் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கரண்ட் வந்ததும் பார்த்தால் 'மீடியம் ஃபார்மேட் கரப்டட்' என்று வருகிறது, எதைக் கேட்டாலும் டிஸ்க் அதையே திருப்பிச் சொல்கிறது. 900 ரேண்ட் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது டிஸ்க்கைத் தொடவே கை வரவில்லை.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறி வாங்குகிற சாக்கில், இரண்டையும் ஒரு டவலில் சுற்றி எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். அங்கிள் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது செத்த டிஸ்க் இல்லை தம்பி, அரைவேக்காடு. திரும்ப அடுப்பில் வைத்தால் வெந்துவிடும்." அவ்வளவுதான் விஷயம். அந்தப் பிழை வந்தால் அதே ஃபார்மேட்டை முதலிலிருந்து மறுபடி ஓட்டி முடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவருக்கும் இது பட்டுத் தெரிந்ததுதான், லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023-ல் ஒரே நேரத்தில் நான்கு டிஸ்க் இப்படி நடுவழியில் நின்றதாம். அடுத்த வாரமே இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வாங்கிவிட்டார். 2024 மார்ச்சுக்கு அப்புறம் லோட்ஷெடிங் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டாலும் அந்த இன்வெர்ட்டர் இல்லாமல் அவர் ஒரு டிஸ்க்கையும் தொடுவதில்லை, முதலில் அதன் பச்சை விளக்கைப் பார்க்கிறார், அப்புறம்தான் கட்டளை. இந்த ஒன்றுக்காகவே நான் அவரிடம் திரும்பப் போவேன்.

வேலை செய்கிற விதமும் பிடித்தது. ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் ரெய்டு வேலை (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) எதுவும் பார்க்காமல் டிஸ்க்கை அப்படியே காட்டுகிற ஐடி மோட் கார்டு, அதிலிருந்து நான்கு கேபிள். இது முக்கியம். ரெய்டு கார்டு வழியாகப் போனால் அது டிஸ்க்கை மறைத்துவைத்து, தான் செய்த ஒரு விர்ச்சுவல் டிஸ்க்கைத்தான் காட்டும், இந்தக் கட்டளை கீழே போய்ச் சேராது. அப்புறம், சாஸ் டிஸ்க்கின் பின்பக்கம் வீட்டுக் கணினிகளின் சாட்டா மாதிரியே இருந்தாலும் நடுவில் இடைவெளி அடைபட்டிருக்கும், சாதாரண மதர்போர்டு கேபிளில் ஏறாது. சாட்டா டிஸ்க் சாஸ் இடத்தில் உட்காரும், சாஸ் டிஸ்க் சாட்டா இடத்தில் உட்காராது. நான் அங்கே இருந்தபோதே ஒரு பையன் கேம் கன்சோலில் போட வேண்டும் என்று சாஸ் எஸ்எஸ்டி கேட்டு வந்தான். விற்றிருந்தால் காசு. அங்கிள் விற்கவில்லை, உனக்கு இது ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஓட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: 512 வேண்டுமா, 4096 வேண்டுமா? சில எஸ்எஸ்டிகள் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளும். 4096 நேட்டிவாக வைத்தால் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகாது, அதன் இடத்தில் வந்த புது முறையான யூஈஎஃப்ஐ கட்டாயம் வேண்டும், யூஈஎஃப்ஐ இருந்தாலும் பழைய கார்டுகள் முரண்டு பிடிக்கலாம். பூட் டிஸ்க், அதுவும் பத்து வருடம் தாண்டிய சர்வர், அதனால் 512 என்று முடிவானது. இந்தக் கேள்வியைக் கேட்காமலே வேலையை ஆரம்பிக்கிற கடைகள்தான் நான் பார்த்தவை.

ஒரு டிஸ்க்குக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. என்னுடைய அரைவேக்காடு முதல் தடவையே எழுந்துவிட்டது. இன்னொன்று 512 ஆன பிறகும் அடம் பிடித்தது, பார்த்தால் பாதுகாப்புத் தகவல் என்று சொல்லப்படும் அந்தக் கூடுதல் 8 பைட் வேறொரு பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பூஜ்யமாக்கி மறுபடி ஓட்டினார். கடைசியில் ஒரு தாளில் முன்னும் பின்னும் எடுத்த ஸ்மார்ட் அறிக்கையை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) அச்சிட்டுக் கொடுத்தார், தேய்மானம் 4 சதவீதம். இந்த வகை டிஸ்க் ஒரு நாளைக்குத் தன் கொள்ளளவைப் போலப் பத்து மடங்கு, ஐந்து வருடத்துக்கு எழுதலாம் என்ற கணக்கில் செய்தது. 800 ஜிபிக்குப் போட்டுப் பாருங்கள், 14.6 பெட்டாபைட் வருகிறது. எங்கள் நாதஸ்வரமும் தெருக்கூத்தும் ஏழு தலைமுறைக்கு எழுதினாலும் தீராது. கூடவே கரண்ட் போனால் கையில் இருக்கும் எழுத்தை முடித்து வைக்க உள்ளேயே கெப்பாசிட்டர்கள் உண்டு. கடைகளில் கிடைக்கிற சாதாரண எஸ்எஸ்டியில் பெரும்பாலும் இது இருக்காது. இந்த ஊரில் பூட் டிஸ்க்குக்கு வேறு என்ன தகுதி வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று, சிலருக்கு உபயோகப்படும். 2021 ஜூலையிலிருந்து இங்கே பொப்பியா சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது, அடுத்தவர் தனிப்பட்ட தகவலைக் கண்ட இடத்தில் விட்டால் பொறுப்புச் சொல்ல வேண்டும். அதனால் கணக்கர்களும் டாக்டர்களும் பழைய டிஸ்க்கை அழித்துத் தரச் சொல்லி இவரிடம் கொண்டுவருகிறார்கள். எஸ்எஸ்டியின் மேலே பூஜ்யத்தை எழுதித் தேய்த்தால் போதாது என்பதில் கறாராக இருக்கிறார், ஏனென்றால் டிஸ்க் தன் உபயோகத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கும் பகுதிக்கு நம் எழுத்து போய்ச் சேராது, டிஸ்க்கின் சொந்த அழிப்புக் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். அழித்ததற்குச் சீட்டும் தருகிறார்.

இதுவரைக்கும் பத்துக்குப் பத்து. நான் அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். "டெபியனும் போட்டுத் தரட்டுமா, இரண்டையும் மிரர் பண்ணி?" என்று அவர் கேட்டார் (டெபியன் ஒரு லினக்ஸ் வகை, மிரர் என்றால் ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது), உள்ளேயிருந்து ஆன்ட்டி மிளகாய் பஜ்ஜியும் டீயும் கொடுத்தனுப்பினார், நானும் சரி அங்கிள் என்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சர்வரில் செருகினேன். பூட் மெனுவில் டிஸ்க் இரண்டும் இல்லவே இல்லை. லைவ் யூஎஸ்பியில் ஏற்றிப் பார்த்தால் இரண்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. உடனே ஃபோனை எடுத்து, கொஞ்சம் சூடாகவே, "என்ன அங்கிள் பூட் ஆகவில்லையே" என்றேன். அவர் நிதானமாக "உன் கார்டில் பூட் ரோம் இருக்கிறதா தம்பி?" என்று கேட்டார். அந்த நிமிடம் எனக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. சர்வரில் டிஸ்க்குகளை இணைக்கும் அந்த கார்டை ஐடி மோடுக்கு மாற்றியபோது, பூட் ஆக நேரம் மிச்சமாகும் என்று எங்கோ படித்துவிட்டு, பூட் ரோம் இல்லாமல்தான் ஃபர்ம்வேரை ஏற்றினேன். பென் டிரைவிலிருந்து பூட் ஆனவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கார்டில் யூஈஎஃப்ஐக்கான ரோம் இல்லாவிட்டால் மதர்போர்டின் ஃபர்ம்வேருக்கு அதன் பின்னால் டிஸ்க் இருப்பதே தெரியாது. டிஸ்க்கை எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும் தெரியாது. ரோமை ஏற்றினேன், ஐந்து நிமிட வேலை, மெனுவில் டிஸ்க் வந்துவிட்டது. சூடாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

டிஸ்க் தெரிகிறது, பூட் ஆகவில்லை. இப்போது தப்பு அவருடையது. யூஈஎஃப்ஐயில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 'இந்த டிஸ்க்கில் இந்த இடத்தில் இருக்கிற இந்த ஃபைலை ஓட்டு' என்ற குறிப்பு டிஸ்க்கில் இருப்பதில்லை, மதர்போர்டின் நினைவில் இருக்கிறது. கராஜில் டெபியன் போட்டபோது அந்தக் குறிப்பு கராஜ் டெஸ்க்டாப்பின் நினைவில் பதிந்தது. அங்கே சோதித்தபோது அழகாக பூட் ஆனது, என் கண்ணாலேயே பார்த்தேன். என் சர்வருக்கு அந்தக் குறிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. முன்பின் தெரியாத டிஸ்க் ஒன்று வந்தால் ஃபர்ம்வேர் ஒரே ஓர் இடத்தில்தான் தேடும்: ஃபேட்32 பார்ட்டிஷனில் ஈஎஃப்ஐ ஃபோல்டர், அதற்குள் பூட் ஃபோல்டர், அதில் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல். டெபியன் தானாக அங்கே எதையும் வைக்காது, தன் பெயரில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே வைக்கும். எக்ஸ்பர்ட் முறையில் இன்ஸ்டால் செய்தால், கழற்றக்கூடிய மீடியாவுக்கான பாதையிலும் லினக்ஸை எழுப்பும் நிரலான க்ரப்பைப் போடவா என்று ஒரு கேள்வி வரும், அதற்கு ஆமாம் சொல்ல வேண்டும். ஒரு மெஷினில் போட்டு இன்னொரு மெஷினுக்குக் கொடுப்பதே தொழிலாக வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைத் தவற விடலாமா?

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஃபோனிலேயே உதவி செய்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பூட் மேனேஜருக்குப் போ, ஃபைலைக் காட்டி பூட் செய்கிற இடம் இருக்கும், டெபியன் ஃபோல்டருக்குள் க்ரப் ஃபைலைக் காட்டு என்றார். எழுந்துவிட்டது. எழுந்த பிறகு க்ரப்பை அந்தப் பொதுப் பாதையிலும் ஏற்றிவிட்டேன்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. மிரர் போட்டவன் ஒரு டிஸ்க்கை உருவிப் பார்க்காமல் தூங்கக் கூடாது என்று என் பழைய மேனேஜர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் டிஸ்க்கை உருவிவிட்டு ஆன் செய்தேன். கறுப்புத் திரை. இரண்டாவது டிஸ்க்கில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு இடம் விட்டிருந்தார், உள்ளே காலி. தகவல் எல்லாம் இரண்டிலும் இருக்கிறது, பூட் ஆகிற வழி ஒன்றில்தான் இருக்கிறது. லினக்ஸின் மிரர் மென்பொருளான எம்டி ரெய்டு தகவலைத்தான் மிரர் செய்யும், ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் அந்த மிரருக்கு வெளியே தனியாக நிற்கிறது, அதை நாம்தான் இரண்டாவதிலும் ஃபேட்32 போட்டு நிரப்ப வேண்டும். நிரப்பினேன். இப்போது க்ரப் வந்தது, கர்னல் வந்தது, பாதியில் எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. ஏன் என்று தேடியதில் ஒரு மணி நேரம் போனது. எழும்போது எந்தெந்த பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் முதல் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைக் கட்டாயம் மவுன்ட் செய் என்று எழுதியிருக்கிறது, அந்த டிஸ்க் என் மடியில் கிடக்கிறது, சிஸ்டம் அதற்காகக் காத்திருந்து காத்திருந்து கோபித்துக்கொண்டுவிட்டது. அந்த வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. இப்போது எந்த டிஸ்க்கை உருவினாலும் எழுகிறது, நாலு முறை உருவிப் பார்த்துவிட்டேன், பெண்டாட்டி திட்டியதும் நிறுத்தினேன்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸை (டெபியன் வழி வந்த சர்வர் ஓஎஸ்) இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் மிரரில் போடுங்கள், அதன் இன்ஸ்டாலர் இரண்டு டிஸ்க்கிலும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் வைத்து, கர்னல் மாறும்போதெல்லாம் இரண்டையும் தானே ஒன்றாக வைத்துக்கொள்ளும். எனக்கு டெபியன் பழக்கம், மாறவில்லை.

அடுத்த வாரம் நேரில் போய் இந்த இரண்டு குறையையும் சொன்னேன். முதலில் "என்னிடம் இதுவரை யாரும் குறை சொன்னதில்லையே" என்றார். டிஸ்க்கை உருவிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா அங்கிள் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு பழைய டைரியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டார், நோஃபெயில் என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார். ஓஎஸ் போட்டதற்கு வாங்கிய 150 ரேண்டைத் திருப்பிக் கொடுத்தார், நான் வாங்கவில்லை, ஒரு பை நிறையக் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கூலி விவரம்: செக்டர் மாற்றுவதற்கு டிஸ்க்குக்கு 200 ரேண்ட், அறிக்கை அதிலேயே அடக்கம். சில டிஸ்க்குகளின் ஃபர்ம்வேர் என்ன செய்தாலும் 512-க்கு ஒத்துக்கொள்ளாது, அதற்குக் காசு வாங்குவதில்லை, ஒத்துக்கொள்ளாது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறார், அதை வைத்து விற்றவரிடம் சண்டை போடலாம். அவரிடமே மாற்றித் தயாராக வைத்த டிஸ்க்கும் விற்பனைக்கு உண்டு, உபரியாக ஒன்று 1,300 ரேண்டுக்கு வாங்கி வைத்தேன், மூன்று மாதத்துக்குக் கையெழுத்து உத்தரவாதம். ஏல விலையைவிடக் கூடுதல்தான், ஆனால் 520 இல்லை, அரைவேக்காடு இல்லை. குறை என்று பார்த்தால் கார்டு மெஷின் கிடையாது, பணமாகத்தான் கொடுக்க வேண்டும், பில்லும் கையால் எழுதியதுதான், அலுவலகக் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்குக் கஷ்டம்.

ஓஎஸ்ஸும் அவரிடமே போட்டுக்கொள்வதாக இருந்தால் டிஸ்க்கோடு சர்வரையும் தூக்கிக்கொண்டு போங்கள், அதிலேயே போடச் சொல்லுங்கள், கிளம்பும் முன் அங்கேயே ஒரு டிஸ்க்கை உருவிக் காட்டச் சொல்லுங்கள். இப்போது கேட்டால் கோபப்பட மாட்டார், டைரியைத்தான் எடுப்பார். போகும் முன் யாரிடமாவது ஃபோன் நம்பர் வாங்கிக் கேட்டுக்கொண்டு போங்கள், முக்கியமாகப் புரட்டாசியில். அந்த மாதம் சனிக்கிழமைகளில் விரதமும் பூஜையும், கராஜ் பூட்டியிருக்கும், நான் இது தெரியாமல் அந்த உபரி டிஸ்க்கை வாங்கப் போய் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு நின்றபோது ஆன்ட்டி மேலே ஜன்னலிலிருந்து கூப்பிட்டு இலை போட்டுவிட்டார், டிஸ்க் திங்கட்கிழமைதான் கிடைத்தது.